ஆடியில் இடம் மாறிய பென்ஷன் பணம்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஆடி மாதத்தைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயம். ஆடி அமாவாசைக்குச் செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போன பஸ்ஸில், முன் சீட்டு அம்மா தன் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"கம்பெனியில புடிச்ச என் பென்ஷன் பணத்தை ஷேர்லேர்ந்து கவர்மெண்ட் பத்திரத்துக்கு மாத்திட்டேன்."

"இன்னாடி, ஆடியிலயா எடம் மாத்துவாங்க? ஆவணி பொறக்கட்டும்னு சொன்னேன்ல?"

"ஆவணி வரைக்கும் மார்க்கெட்டு விழாம காத்துக்கினு இருக்குமா? அடுத்த வருஷம் ரிட்டையர் ஆவறேன். வயசான காலத்துல கஞ்சி குடிக்கிற காசுய்யா அது."

"சாமி குத்தம்டி."

"ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மாளே கோயிலை விட்டு வெளிய வந்து ஊஞ்சலாடுறா. என் பணம் மட்டும் நவரக் கூடாதா?"

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். யாரிடமாவது சொன்னால், அந்த அம்மா சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லுங்கள்.