விரலுக்கு மசியாத அடுப்பு

— இடுப்பு கழண்டு விழுது... தள்ளுங்க, நானே வைக்கிறேன். பகலெல்லாம் தையல் மெஷின்ல குனிஞ்சுட்டு வந்து, இங்கயும் நானேதான்.

— நீ உட்காரு. இன்னொரு தடவை அமுக்கிப் பார்க்கிறேன்.

— உங்க கை பட்டா இந்தக் கரண்ட் அடுப்பு வெட்கப்படுமாக்கும்!

— அடுப்பாடி இது? திருக ஒரு குமிழ் இல்ல, அமுக்க ஒரு பொத்தான் இல்ல. கண்ணாடியில படம் வரைஞ்சு வச்சுட்டு, தொடுங்கிறான்.

— இதோ, தொட்டேன். கீன்னுச்சா? பத்திக்கிச்சா?

— உனக்குப் பத்தும்.

— உங்களுக்கு உடம்பு வளையாது, அதைச் சொல்லுங்க கொத்தனாரே. அப்புறம் கம்பெனியில தர்றேங்கிற சூப்பர்வைசர் வேலைக்கு, நான் எப்படி சாயங்கால ஷிப்டுக்குப் போறது? பாப்பாவுக்கு யாரு சோறாக்குவா?

— நான்தான். இந்தா, உன் கண்ணு முன்னாடியே... பாரு.

— நடிக்காதீங்க. நல்லா அழுத்துங்க.

— இதுக்கு மேல அழுத்தினா கண்ணாடி ஓட்டையாயிடும்.

— இருங்க, கையைக் காட்டுங்க... ஐயோ, விரல் நுனி செங்கல்லாட்டம் இருக்கு! ரேகையே காணோம்!

— சிமெண்ட் தின்னுடுச்சு. இப்படியும் ஒரு கை இருக்கும்னு இதைச் செஞ்சவன் நினைச்சே பார்க்கல.

— ஈரம் பண்ணி...

— பண்ணியாச்சு. ஈரம் பட்டா கத்திட்டு அணைஞ்சிடுது. முழங்கையை வச்சேன். மூக்கை வச்சேன்... மூக்குக்குப் பத்துச்சு. சூட்டைக் குறைக்கக் குனிஞ்சா ஆவி மூஞ்சில அடிக்குது.

— சிரிப்பு மூட்டாதீங்க... ஆமா, தினமும் நான் வர்றப்போ பாப்பாவுக்குப் பால் சுடச்சுட இருக்கே? யாரு வச்சா?

— அது... முக்குக் கடையில...

— பொய். பாத்திரம் அடுப்பு மேலதான் இருந்துச்சு.

— திட்டாத. பாப்பாவைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, 'அமுக்குடா கண்ணு'ம்பேன். அவ சுண்டுவிரலே போதும்.

— மூணு வயசுப் புள்ளையா அடுப்பு பத்த வைக்குது!

— குழந்தைங்க தொடாம இருக்க இதுல ஒரு பூட்டு வேற. அதையும் அவதான் திறந்துவிடுறா. எனக்குத் திறந்தாத்தானே!

— முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?

— சொன்னா நீ ஷிப்டே வேணாம்ப. இந்த ஞாயித்துக்கிழமை திருகு வச்ச அடுப்பா ஒண்ணு பார்த்து வாங்கிடுறேன். நீ நாளைக்கு மேனேஜர்கிட்ட தைரியமா சரின்னுடு.

— இன்னிக்கே வேணாம்னு சொல்லிட்டேங்க. 'எங்க வீட்டுக்காரர் சோம்பேறி, அடுப்படிப் பக்கமே வரமாட்டார்'னு தையல் லைன்ல மொத்த பேரும் கேக்குற மாதிரி சொன்னேன். வேலையை நாளைக்குக் கேட்டு வாங்கிடுவேன், அது என் பாடு. ஆனா சொன்ன சொல்லை, அத்தனை பேர் முன்னாடியும் நின்னு, தப்புன்னு சொல்லணும்... அது உங்களுக்கு நான் பட்டிருக்கிற கடன்.