கிழக்குக் கோடிக் கயிறு

தறியில் ஏற்றும் பட்டு நூல் பாவை வெயில் ஏறுவதற்குள் தெருவில் நீட்டிவிட வேண்டும். அன்று கூப்பிடாமலே தெருவே வந்து கைகொடுக்கும். அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் நீட்டியது என் அத்தை மகன் குமாரசாமியின் பாவு. மேற்குக் கோடியில் அவர் இழுத்துப் பிடித்திருந்தார். மற்றவர்கள் நடுத்தெருவில் இழை நீவிக்கொண்டிருந்தார்கள். கிழக்குக் கோடியில் கயிற்றை முளைக்குச்சியில் கட்டிவிட்டுக் காவல் நின்றவன் நான்.

பாவு கிடக்கும்போது வண்டிகள் சுற்றித்தான் போகும். பிரசவம், சாவு என்றால் மட்டும் கயிற்றை அவிழ்த்துப் பாவை ஓரமாக ஒதுக்குவோம். நாலு இழை அறும். முடிந்துகொள்ளலாம்.

குதிரை வண்டி ஒன்று என் பக்கம் வந்து நின்றது. உள்ளே குமாரசாமியின் மனைவி தில்லையம்மாள். சின்ன காஞ்சிபுரத்துத் தாய்வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பக்கத்தில் அவள் அம்மா.

"அண்ணா, வலி தாங்கலண்ணா. கயித்த அவுத்துடுண்ணா."

"முடிச்சு இறுகிக்கினு வரமாட்டேங்குதும்மா. ரயில்வே கேட்டு வழியா போய்டுங்க," என்றேன்.

கூட்ஸ் வண்டிக்காக கேட்டை மூடி வைக்கும் வேளை அது. எனக்குத் தெரியும். திறப்பதற்குள் தாயும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போயிற்று.

என் தங்கை நீலாம்பாளுக்கு முறை மாப்பிள்ளை குமாரசாமி. அவர் தில்லையைக் கட்டிய நாளிலிருந்து, வந்த வரனையெல்லாம் வேண்டாமென்று இவள் இராட்டையோடு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். கூடப் பிறந்தவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"என் பாவே என் குடும்பத்த தின்னுடுச்சுப்பா," என்று குமாரசாமி என் தோளில்தான் சாய்ந்து அழுதார். அதன்பின் அவர் தறியில் இறங்கவே இல்லை. பாவு செய்த வேலையல்ல அது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கையால் சோறு பிசையக் கூச்சமாக இருக்கிறது, இன்றைக்கும்.

அந்தப் பாவை நானே நெய்து முடித்தேன். ஓர் இழைகூட அறவில்லை. அரக்குச் சிவப்பு, நல்ல ஜரிகை. நாளை ஆவணி முகூர்த்தத்துக்கு நீலாம்பாள் அதைத்தான் கட்டுகிறாள். மாப்பிள்ளை குமாரசாமி.

முடிச்சு இறுகவில்லை. ஒரு கையால் இழுத்தால் அவிழ்ந்துவிடும், போட்டவன் நான். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறேன். முதலில் தாலி ஏறட்டும். இதைக் கேட்கும்போது அந்த மனிதருக்குப் பக்கத்தில் ஒரு துணை இருக்க வேண்டாமா?