ஒழுங்கையைப் பாத்த சுடுதண்ணிப் பெட்டி

...இல்லைத் தம்பி, நீங்களே பைப்பைத் திறந்து கையை வைச்சுச் சொல்லுங்கோ, இது சுடுதண்ணியோ? வைச்சாச்சோ? சுடுதே? இல்லைத்தானே! நேற்று விடிய இவர் குளிச்சுப்போட்டு வந்து கேக்கிறார், "பெர்னடெட், நான் பைப்பை மாறித் திறந்திட்டனோ" எண்டு. முப்பத்தைஞ்சு வருசமாக் கடலுக்குப் போற மனிசன், நீக்கிலாப்பிள்ளை எண்டால் இந்தக் குருநகரிலை ஆருக்கும் தெரியும். அந்த மனிசனே நடுங்குதெண்டால் பாருங்கோவன்!

மெல்ல ஏறுங்கோ, ஏணி ஆடும். நானும் பின்னாலை வாறன். சீச்சீ, நான் விழமாட்டன், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏறுறனான். ஏனெண்டோ? கண்ணாடி துடைக்கத்தான்! காகம் எச்சம் போட்டால் அந்தக் கணமே துவாயோடை ஓடி வந்திடுவன். "என்ரை முதுகை நீ ஒரு நாளும் இப்பிடித் தேய்ச்சுவிடேல்லை" எண்டு இவருக்கு ஒரு குறை. தண்ணியும் கிணத்துத் தண்ணி விடுறேல்லை, அது சவர். பைப் தண்ணிதான். அப்ப என்னிலை பிழையில்லை, சரியே? உங்கடை கொம்பனியின்ரை வெயிலிலை சுடுற பெட்டியிலைதான் பிழை.

நேற்றே வாறனெண்டு சொன்னனீங்கள். கொக்குவிலிலை இருந்து குருநகருக்கு வர ரெண்டு நாளோ, தம்பி ஜொனதன்? நான் அந்தரப்படுறதுக்குக் காரணம் இருக்கு. நாளைக்கு அக்கா வாறா. கிறிஸ்ரினா அக்கா, என்ரை கூடப்பிறந்தவ, கனடாவிலை இருந்து, பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு! நத்தாருக்கு! ஆடி மாசம் போனிலை என்ன சொன்னவ தெரியுமே? ஹொட்டேலிலை ரூம் போடப்போறாவாம். கை மூட்டெல்லாம் நோவாம், விடிய நல்ல சுடுதண்ணியிலை குளிக்காட்டில் விரல் மடங்காதாம். "உன்ரை வீட்டிலை அந்த வசதி இராது, நீ கரைச்சல்படாதை" எண்டிட்டா. எனக்கு வந்துதே ஒரு கோவம்! தங்கச்சி நான் இஞ்சை இருக்க அவ ஹொட்டேலிலையோ படுக்கிறது? சனம் என்ன சொல்லும்... சனத்தை விடுங்கோ, எனக்கு மனம் பொறுக்குமே? "கோழி அவிக்கலாம் அக்கா, அவ்வளவு கொதி" எண்டு சொல்லிப்போட்டன். அவவும் ரூமை வேண்டாமெண்டிட்டா.

பொய்யில்லைத் தம்பி! அப்ப உண்மையிலை கொதிச்சது! கார்த்திகை தொடங்கத்தான் கொஞ்சம் கொஞ்சமா ஆறினது. மழையெண்டு நினைச்சன். மழை விட்டு இண்டைக்கு அஞ்சு நாள். அங்கை பாருங்கோ, சுளகிலை மிளகாய் காய்ஞ்சு நொறுங்குது. வெயில் இருக்கு, பெட்டி இருக்கு, சூடு எங்கை போட்டுது?

என்ன, போனை எடுத்துப் பாக்கிறியள்? பேந்து பாக்கலாமே... ஓ, திசை பாக்கிறியளோ. அதுக்கும் போனிலை இருக்கோ!

பூட்டேக்கை எப்பிடி இருந்ததெண்டோ? அது... அந்தப் பக்கம் பாத்துக்கொண்டு இருந்தது. களக்கடல் பக்கம். ஓம், தெற்குத்தான். இப்ப வடக்கோ? அப்பிடியே! ஆர் திருப்பினதெண்டு எனக்கென்ன தெரியும்... காத்துத் தம்பி. காத்துக்குத் திரும்பியிருக்கும். உங்கை காத்தெண்டால் பேய்க் காத்து.

புதுச் சீமெந்தோ? பெட்டிக் காலிலையோ... உதையும் கண்டிட்டியளோ.

சரி, நான்தான் ஒழுங்கைப் பக்கம் திருப்பினனான்! நான் தனியத் தூக்கேலுமே, எமில்ராஜ் மேசனும் மூண்டு பேரும் வந்து தூக்கினவை. ஆடியிலை, பங்குத் திருநாளுக்கு முதல் கிழமை. இந்த ஒழுங்கையாலைதான் புனிதரின்ரை சொரூபம் சுத்தி வாறது, ஊரே வரும். எதிர் வீட்டுத் தயாளினி இருக்கிறாளெல்லே, அவள் தன்ரை ஏசிப் பெட்டியை வாசலுக்கு மேலை எல்லாருக்கும் தெரியப் பூட்டி வைச்சிருக்கிறாள். அவள் கேக்கிறாள், "சுடுதண்ணிப் பெட்டி வாங்கினதெண்டியள் அக்கா, கண்ணிலை காணேல்லை" எண்டு. பத்திக்கொண்டு வராதே! கடலைப் பாத்துக்கொண்டு இருந்தால் ஆருக்குத் தெரியும்? மீனுக்குக் காட்டவோ நான் வாங்கினனான்? திருநாளண்டு பின்னேரம் நீங்கள் பாத்திருக்கவேணும் தம்பி! கண்ணாடி மினுங்கின மினுக்கத்திலை, பாட்டுப் படிச்ச பெட்டையள் பாட்டை விட்டிட்டு மேலை பாத்தவளவை!

அதோடை ஒண்டு, திருப்பினாப்பிறகு முந்தியைவிடக் கொதிச்சது. அதுக்கு என்ன சொல்லுறியள்? புனிதர் ஆசீர்வதிச்சிட்டாரெண்டு நான் மெழுகுதிரியும் கொளுத்தினனான்... என்ன? ஆடியிலை சூரியன் வடக்காலை போறதோ? மார்கழியிலை தெற்காலையோ? அப்ப இவ்வளவு நாளும் வெயில் இதின்ரை முதுகைத்தான் சுட்டதோ! ஐயோ என்ரை கடவுளே, நான் தயாளினிக்குக் காட்டினனான், சூரியனுக்குக் காட்டேல்லை!

இப்ப திருப்பினால் நாளையான் வெயிலுக்குச் சுடுமோ? நாளையிண்டைக்கு விடிய அக்கா குளிக்கலாமோ? ஆனால் நாலு பேர் வேணுமோ... இவர் கடலுக்கை. எமில்ராஜ் மயிலிட்டியிலை வேலை. நீங்களும் தொண்டைமானாறுக்குப் போகவேணும், இனி நத்தார் முடியத்தான் வருவியள், என்ன?

ஒழுங்கையாலை பாத்தால் இனித் தகரத்தின்ரை பின்பக்கம்தான் தெரியும். "கழட்டி வித்துப்போட்டினம்" எண்டு தயாளினி கதை கட்டுவாள். கட்டட்டும்! அக்கா வந்து பச்சைத்தண்ணியிலை கையை வைச்சுப் பாத்திட்டு ஒண்டும் பேசமாட்டா தம்பி. பேசினாலும் பரவாயில்லை. பேசாமல் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு ஹொட்டேலுக்குப் போவா. அது எனக்குத் தாங்காது. திருப்புவம். பாரம் குறையத் தண்ணியைத் திறந்துவிட்டு, காலிலை இருக்கிற சீமெந்தையும் தட்டிவிடுங்கோ, நான் ஆள் பிடிக்கிறன். நிண்டுகொள்ளுங்கோ, ஓடிப்போடாதையுங்கோ!

அடி தயாளினி! உடுப்புக் காயப்போடுற சாட்டிலை இஞ்சை என்ன பாக்கிறாய்? ஓமடி, உனக்குக் காட்டத்தான் திருப்பினனான்! அதாலைதான் தண்ணி சுடேல்லை! போதுமே? இன்னும் சத்தமாச் சொல்லவோ? அக்கா நாளைக்கு வாறா, உன்ரை மனிசனையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு மூலையைப் பிடி!

வாறாள் தம்பி... மனிசனும் வாறார். ஏணியிலை நிண்டு சிரிக்கிறாள், பாருங்கோ! கெதியா ஏறு. அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். தம்பி, நீங்கள் சொல்லுங்கோ, சொன்னவுடனை தூக்குவம். ஒண்டு... ரெண்டு... ஏய், சிரிப்பை நிப்பாட்டடி, எனக்கும் வருது, பெட்டி ஆடுது!