இரண்டு குறில், ஒரு நெடில்

பெயர் பெர்த்தா ஸெலிக். வயது நாற்பத்தொன்று. நியூயார்க் நகரம், ரிவிங்டன் தெருவில் ரொட்டிக்கடை மாடியில் குடியிருப்பு. தொழில், நாடக ஒத்திகைகளுக்குப் பியானோ வாசிப்பது. 1913ஆம் ஆண்டு விசாரணையில் நேரில் சொன்னதாவது:

மில்ட் பிராண்டெல் என்பவரை, அவர் மதுக்கடையில் பாடிக்கொண்டே பீர் பரிமாறிய காலம் முதல் அறிவேன். அவருக்கு இசைக்குறிப்பு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. மெட்டு தோன்றினால் விசிலடிப்பார், நான் எழுதிக்கொள்வேன். அப்படி எழுதிய பாட்டுகள் நாடெங்கும் விற்று, அவர் பாட்டுப் பதிப்பகம் வைத்து, அதன் பிறகு சொந்த நாடகக் கொட்டகை வாங்கி, மேடை நிறையப் பெண்களை ஆடவிடும் பெரிய முதலாளி ஆனார். விசிலை மட்டும் விடவில்லை.

மேடைக்குப் பின்னால் யாரும் விசிலடிக்கக் கூடாது. மேலே பரணில் கயிறு பிடிப்பவர்கள் பழைய கப்பல்காரர்கள். திரையை ஏற்றவும் இறக்கவும் அவர்களுக்கு உத்தரவு விசிலில்தான் போகும். இரண்டு குறில், ஒரு நெடில் என்றால் இறக்கு என்று பொருள். இது பிராண்டெலுக்கு நன்றாகத் தெரியும். கயிற்றுக்காரர் டோர்வால்ட் அவுனே ஒருமுறை மேலிருந்தே, "முதலாளி, உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டதற்கு, "இந்த வாய்தான்டா உங்க எல்லாருக்கும் சோறு போடுது" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சம்பவத்தன்று பகல் ஒத்திகையில் இடைவேளை விட்டிருந்தது. நான் பியானோவை மூடி வைத்துவிட்டு மீன் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன். ஆகவே வேறு சத்தம் எதுவும் இல்லை. நெட்டி டூலன் என்ற நடனப் பெண் நடுமேடையில் குனிந்து காலணி வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். மேடையோரம் மறைவில் நின்ற பிராண்டெல் புது மெட்டு ஒன்றை விசிலடித்தார். அதன் முதல் மூன்று சுரங்கள் இரண்டு குறில், ஒரு நெடில். உடனே நிலா வரைந்த திரை, அடியில் கட்டிய இரும்புக் குழாயோடு அவள் மேல் இறங்கியது. நெட்டி கத்தக்கூட இல்லை. ஒரு காலணி மட்டும் என் பியானோ அருகே வந்து கிடந்தது.

அதன் பிறகு டோர்வால்ட் ஏணியில் இறங்கி வந்து, "விசில் வந்துச்சே! ஏம்மா பெர்த்தா, வந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். வந்தது என்றேன். பிராண்டெல் காவலரிடம், "குடிகாரப் பய, அவனா கயித்த அவுத்து விட்டுட்டான்" என்றார். காவலர் அதை எழுதிக்கொண்டார். நான் சொன்னதை, பியானோக்காரிக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார். டோர்வால்ட் குடித்து நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவர் இப்போது சிறைக்குப் போகவிருக்கிறார்.

அதன் பிறகு, நெட்டியின் அடக்கம் முடிந்த வாரமே, பிராண்டெல் என்னைக் கூப்பிட்டு, புதுப் பாட்டு எழுதிக்கொள் என்று விசிலடித்தார். அதே மெட்டு. நிலா இறங்கி வந்து நெட்டியைக் கூட்டிப் போனதாகச் சொற்களும் போட்டிருந்தார். "கல்லும் அழுதிரும், பெர்த்தா" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதுவதை நிறுத்தினேன்.

"இந்த மெட்டு எப்ப வந்துச்சு முதலாளி?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு மேடையோரமா நின்னப்ப" என்றவர், சட்டென்று நிறுத்தி, "நீ ஒண்ணும் கேக்கல, புரியுதா?" என்றார்.

கேட்டேன் ஐயா. இப்போது ஊரே கேட்கிறது. அந்தப் பாட்டு பாடாத வீடு இல்லை.

இன்று காலை நான் இங்கே வந்தபோது டோர்வால்ட்டை விலங்கோடு தாழ்வாரப் பலகையில் உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற காவலர் பொழுது போகாமல் அந்தப் பாட்டை விசிலடித்தார். மூன்றாவது சுரத்திலேயே டோர்வால்ட்டின் கைகள் இரண்டும் மடியிலிருந்து எழுந்து, இல்லாத கயிற்றை அவிழ்த்தன.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் உண்மை.

(ஒப்பம்) பெர்த்தா ஸெலிக்