நெரலூர் தாண்டியதும் போட்ட ஊசி

ஓடுகிறோம். நெடுஞ்சாலையில் அல்ல. அதற்குக் கீழே, ரோஜாப் பண்ணைகளின் வேலி ஓரமாக. பின்னால் லாரிக் கண்ணாடி உடைகிறது. அது ஒரேயடியாக உடைவதில்லை. முதலில் ‘டப்’ என்று ஒரு அடி. பிறகு ஒரு மூச்சு இடைவெளி. அப்புறம்தான் சரசரவென்று கொட்டும். அந்த இடைவெளியில்தான் தலையைப் பொத்திக்கொள்வோம்.

“குனிங்க! குனிஞ்சே வாங்க!”

முன்னால் ஓடும் செல்வி கத்துகிறாள். எங்கள் கம்பெனிப் பேருந்தில் வருகிறவள். பெயின்ட் அடிக்கும் பிரிவில் வேலை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறாள். ஒன்று எப்போதோ விழுந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை.

டயர் எரியும் வாசம். அந்தி. காவிரித் தண்ணீருக்காக எல்லையை மூடிய நாள். தமிழ்நாட்டுப் பதிவெண் போட்ட வண்டிகளை அத்திப்பள்ளிக்கு முன்னாலேயே மடக்கினார்கள். எங்கள் பக்கமும் கல் எறியாத பக்கமல்ல. அதையும் எழுதிவைக்கிறேன். அதைப் போர் என்று ஒருவரும் சொல்லவில்லை. கலவரம் என்றார்கள். மறுநாள் பதற்றம் என்றார்கள். அதற்கு மறுநாள் வார்த்தையே இல்லை, வேலைக்குப் போனோம்.

பேருந்திலிருந்து இறங்கியவர்கள் பதினோரு பேர். எல்லைவரை நடந்து, தமிழ்நாட்டுப் பக்கத்து ஜூஜுவாடிக்குள் நுழைந்துவிட்டால் பிழைத்தோம். கூட்டிப்போகிறவன் வெங்கடேஷ். பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களோடு தமிழ். முடிந்து வரும் உருப்படிகளில் கீறல் பார்த்துப் பிரிக்கிறவன். தலைமுடி அகலக் கீறல் போதும், கண்டுபிடித்துவிடுவான். அவன் தனியாகப் போயிருந்தால் அன்று அவனை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

“யாராச்சும் கேட்டா நான் பேசிக்கறேன். நீங்க யாரும் வாயத் தொறக்காதீங்க. முக்கியமா பெருமாளண்ணா. அவரு கன்னடம் பேசுனா ரெண்டு ஸ்டேட்டும் சேர்ந்து அடிக்கும்.”

சிரித்தோம். ஓடிக்கொண்டே சிரித்தோம். பெருமாள் என்பது நான்.

எனக்கு உதடு மரத்திருந்தது. அந்தச் சிரிப்பிலேயே கவனித்தேன்.

ஊசி போட்டிருந்தேன். யாருக்கும் தெரியாது. சர்க்கரைக்கு மாத்திரை என்றால் எல்லோரிடமும் சொல்லலாம், பாதிப் பேருந்து மாத்திரை. ஊசி என்றால் ஆள் முடிந்தான் என்பார்கள். மூக்கண்டப்பள்ளியில் எங்களுடையது வரிசை வீடு. கதவைச் சாத்தினால் என்னவோ ஏதோ என்று நான்கு வீடு எட்டிப் பார்க்கும். திறந்து வைத்தால் சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்துவதை அதே நான்கு வீடும் பார்க்கும். அதனால் பேருந்தின் கடைசி இருக்கை. நெரலூர் தாண்டினால் என் கை தானாகப் பைக்குள் போகும். துண்டுக்கு அடியில் ஊசிப் பேனாவைத் திருகுவேன். க்ளிக், க்ளிக். வலி எறும்புக் கடி அளவுதான். அங்கிருந்து எல்லை, சோதனைச்சாவடி, என் நிறுத்தம். வீட்டுக்குள் நுழையும்போது என் மனைவி தட்டில் சோறு போட்டிருப்பாள். மருந்தும் சோறும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் சேரும். மாதக்கணக்கில் தப்பாமல் நடந்தது. என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

மருத்துவர் சொன்னது அதுவல்ல. “இது வேகமான மருந்துங்க. தட்டு கண்ணு முன்னால வந்தப்புறம் போடுங்க. பஸ்ஸ நம்பாதீங்க, அடுப்ப நம்பாதீங்க.” சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் வாயில் போட, பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளவும் சொன்னார். சட்டைப்பையில் மிட்டாயோடு திரியும் நரைத்த மீசைக்காரனை எதற்கு என்று கேட்பார்கள். வைக்கவில்லை.

அன்றும் நெரலூர் தாண்டினோம். க்ளிக், க்ளிக். அடுத்த வளைவில் பேருந்து நின்றது.

நின்ற பேருந்துக்குள் செல்வி பிஸ்கட் பொட்டலத்தை இருக்கை இருக்கையாக நீட்டி வந்தாள். என் கை எழுந்தது. எடுத்தால் ஒன்றோடு நிற்காது, பொட்டலத்தையே கேட்க வேண்டியிருக்கும். ஏன் என்பாள்.

“வேணாம்மா. வீட்ல சோறு காத்திருக்கு.”

“காத்திருக்கட்டும்ண்ணா, சோறு எங்க ஓடப்போவுது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். பொட்டலம் காலியானதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வேலி முடிகிறது. மண்பாதை. சிறிய ஊர், எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. பாதை நடுவே எரியும் டயர். ஏழெட்டு இளைஞர்கள், கையில் கட்டை. வேர்க்கிறது எனக்கு. பனியன் முதுகோடு ஒட்டிவிட்டது. கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவர்கள் கன்னடத்தில் எந்த ஊர் என்கிறார்கள். வெங்கடேஷ் பேசுகிறான். கம்பெனிக்காரர்கள், பக்கத்து ஊர்தான், வீட்டுக்குப் போகிறோம். ஒருவன் அவன் தோளில் தட்டுகிறான். வழி விடுகிறார்கள்.

கடந்துவிட்டோம். பத்துப் பேரும் கடந்துவிட்டார்கள். எனக்கு இங்கிருந்து நினைவில் ஓட்டைகள். மீதியைச் செல்வியும் வெங்கடேஷும் பிறகு சொன்னார்கள்.

நான் நின்றேனாம். திரும்பினேனாம். கோபம். யார் மேலென்று தெரியாத, எலும்பிலிருந்து வரும் கோபம். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

“சோறு எங்கடா? எனக்குச் சோறு போடுங்கடா!”

தமிழில். தொண்டை கிழிய.

“ஓடுங்க! ஓடுங்க!” இது செல்வி.

ஓடினார்கள். நான் பாதையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேனாம், இலை போடக் காத்திருக்கிறவன் மாதிரி. வெங்கடேஷ் பாதி தூரம் ஓடியவன் திரும்பி வந்தான். என் வாயைப் பொத்தினான். அவன் உள்ளங்கையைக் கடித்தேன். அந்த உப்பு என் நாக்கில் இப்போதும் இருக்கிறது. முதல் கல் மண்ணில் விழுந்தது, பொத்தென்று. இரண்டாவதுக்குச் சத்தமே இல்லை. எலும்பும் தோலும் வாங்கும் கல்லுக்குச் சத்தம் குறைவு.

பிறகு ஒரு ஷட்டர். முழங்கால் உயரத்துக்கு மட்டும் தூக்கிய ஷட்டர். எங்களை உள்ளே இழுத்துப் போட்டார் ஒரு கன்னடக் கடைக்காரர், குளிர்பானம் விற்கிற பெரியவர். அவர் என்னை முகர்ந்து பார்த்துக் கேட்டிருக்கிறார், குடித்திருக்கிறானா என்று. வெங்கடேஷ் ஆமாம் என்றிருக்கிறான். அவனுக்கு வேறு என்ன தோன்றும்? தள்ளாடுகிறேன். உளறுகிறேன். கடிக்கிறேன்.

போதை இறங்க எலுமிச்சைச் சாறு பிழிந்தார் பெரியவர். புளிப்பு தாங்காமல் துப்பினேனாம். சர்க்கரையை அள்ளிப் போட்டு, மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள். இன்னொரு குவளை. அதிலும் சர்க்கரை.

உலகம் திரும்பி வந்தது. அது வரும் வரிசை விசித்திரம். முதலில் சத்தம், வெளியே ஓடும் கால்கள். பிறகு குண்டு பல்ப். பிறகு வெங்கடேஷ். இடது கண் மேல் துண்டை அழுத்திப் பிடித்திருந்தான். துண்டு சிவந்திருந்தது. என் துண்டு அது.

“எறங்கிடுச்சா அண்ணா?”

இப்போது சொல்லியிருக்கலாம். சுகர்டா, ஊசி போட்டேன்டா, சோறு வரலடா. மூன்று வாக்கியம். கடைக்காரர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நாடு எரிகிற நாளிலா குடிப்பது என்று கன்னடத்தில் திட்டினார். குடிகாரன் என்ற திட்டு எனக்கு இதமாக இருந்தது. நோயாளி என்பதைவிட அது ஆண்பிள்ளைப் பேச்சு.

“எறங்கிடுச்சு” என்றேன்.

இருட்டியதும் பெரியவரே எங்களை வயல் வழியாக எல்லைக்குக் கூட்டிவந்து விட்டார். வீட்டில் தட்டு மூடியிருந்தது. சாப்பிட்டேன். முழுத் தட்டும்.

மருத்துவமனையில் வெங்கடேஷின் கட்டிலருகே மூன்று நாள் மாலையில் உட்கார்ந்தேன். அவன் மனைவி எனக்கும் சேர்த்து டிபன் கொண்டு வந்தாள். கழிப்பறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து, அவள் கையால் இட்லி வாங்கினேன். தட்டைப் பார்த்த பிறகுதான் போட்டேன். அந்தப் பாடத்தை மட்டும் உடனே கற்றுக்கொண்டேன்.

ஊசி போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: பேருந்து நிற்கும். எல்லை மூடும். தட்டு வரட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவையுங்கள். நான் இதைத் துணிச்சலோடு எழுதவில்லை. தலை குனிந்தபடி எழுதுகிறேன்.

கணக்கு.

எரிந்தது: எங்கள் பேருந்து. ஓட்டுநர் இறங்கித் தப்பினார். தொலைந்தவை: செருப்பு, சாப்பாட்டுப் பை, ஊசிப் பேனா. செத்தவர்: பதினோரு பேரில் எவருமில்லை. போனது: வெங்கடேஷின் இடது கண். கண்ணோடு கீறல் பார்க்கும் வேலையும். இப்போது அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவில் இருக்கிறான். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு இந்தக் கதையை அவன்தான் சொல்கிறான். “பெருமாளண்ணன் அன்னிக்கி அடிச்ச சரக்கு என்ன பிராண்டுன்னு இன்னிக்கி வரைக்கும் சொல்ல மாட்டேங்கிறாரு” என்று முடிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். ஒற்றைக் கண்ணில் நீர் வர அவனும் சிரிப்பான்.

நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.