எஸ்ராவின் மரக்கால்

எங்கள் குடும்ப ஒன்றுகூடலுக்கு உருளைக்கிழங்கு சாலட் செய்வது எப்போதும் நான்தான், ஷெரீஃப் ஐயா. இந்த வருடமும் அதைக் கிளறிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் மகள் மார்லிஸ் டிஎன்ஏ முடிவோடு வந்து நின்றாள்.

“அத்தை, நம்ம எச்சில் டாலிவர் வீட்டோட ஒத்துப்போகுது. கிழவர் வெண்டல் டாலிவர் நமக்கு ரத்த சொந்தமாம்.”

நீங்களும் இந்த ஆரிகன் பள்ளத்தாக்கில் பிறந்தவர்தான். மாட்டுவண்டி கட்டி முதலில் இங்கே வந்து சேர்ந்தவர் எங்கள் எள்ளுத்தாத்தா எஸ்ரா ஹாஸ்கெல். அவருடைய எருதைத் திருடியவன் சைலஸ் டாலிவர். அன்றுமுதல் தேவாலயத்தில்கூட அவர்கள் வரிசையில் நாங்கள் உட்கார்ந்ததில்லை.

“எஸ்ராவைத் தோண்டி ஒரு பல்லை எடுத்துச் சோதிச்சுப் பாருங்கடி” என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து ஞானஸ்நானப் பதிவுகளைப் பழைய கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எஸ்ரா தங்கம் தேடிக் கலிபோர்னியா போனவர், இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்பியிருக்கிறார். அவருடைய ஒரே மகன் அந்த இரண்டாம் வருடக் கடைசியில் பிறந்திருக்கிறான். பக்கத்துப் பண்ணை சைலஸுடையது.

நான் பதறவில்லை. இத்தனை பேருக்கு முன்னோரை மாற்றுவதைவிட இரண்டு கல்லறைக் கற்களை மாற்றுவது சுலபம். ஞாயிற்றுக்கிழமை ஊரே ஆராதனையில் இருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு டிராக்டரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் எஸ்ராவின் கல்லைச் சைலஸின் தலைமாட்டிலும், சைலஸின் கல்லை எஸ்ராவின் தலைமாட்டிலும் நட்டேன். புல்லையும் பழையபடி பதித்தேன்.

அடுத்த வாரம் குடும்பமே கூடி நின்று எஸ்ராவின் கல்லுக்கடியில் தோண்டியபோது எலும்போடு ஒரு மரக்காலும் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆத்தைக் கடக்கும்போது வண்டிச் சக்கரம் ஏறிடுச்சு, பாவம்” என்றேன். மார்லிஸ் அழுதுவிட்டாள்.

பல் எங்களோடு பொருந்தியது. டாலிவர்களோடும் பொருந்தியதால், அவர்களும் எஸ்ராவின் வாரிசுகள் என்று முடிவாயிற்று. அந்த நல்ல மனிதர் மேல் இப்படி ஒரு பழி விழுந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆண்பிள்ளை, தாங்கிக்கொள்வார். சதுக்கத்தில் நிற்கும் அவருடைய வெண்கலச் சிலையின் ஒரு காலை அறுத்து நகரசபை மரக்கால் பொருத்தியது. அதற்கு நான் பொறுப்பில்லை. எந்தக் கால் என்று கேட்டார்கள், இடது என்றேன்.

சிலையின் மறுதிறப்புக்கு வெண்டல் தன் வீட்டுப் பழைய படத்தைக் கொண்டுவராமல் இருந்திருக்கலாம். அதில் சைலஸ் மரக்காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான்.

ஆமாம், கற்களை மாற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

வெண்டல் சற்றுமுன் இங்கே வந்திருந்தார். கோபமே இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

“ஏம்மா ஆர்டித், கல்லைப் பேத்தது போகட்டும். என் கொட்டகையில நின்ன டிராக்டரை ஒரு வார்த்தை கேக்காம ஓட்டிட்டுப் போயிருக்கியே! அசல் சைலஸ் ரத்தம்டி நீ!”

அதை மட்டும் எழுதாதீர்கள், ஐயா. ஹாஸ்கெல்கள் திருட மாட்டார்கள். நான் இரவல் வாங்கினேன். அவரிடம் சொல்லத்தான் சந்தர்ப்பம் அமையவில்லை.