கத்தாத ஆள்

— எறக்கி விடு தாயி. அங்க ஒரு மனுசன் கால் ஒடிஞ்சு அந்தக் கத்து கத்துறாரு. அவரப் போட்டுட்டு என்னையப் போயி ஆம்புலன்சுல ஏத்தியிருக்கியே! எனக்கு வெறும் வயித்துவலிதான்.

— படுங்கண்ணே, எந்திரிக்கக் கூடாது. உங்க பேரென்ன?

— சந்தனம். ஊரு நரிக்குடிப் பக்கம். ஆட்டுக்குக் கொழை கட்டிக்கிட்டு டிவிஎஸ்ல வந்தேன்.

— எப்பிடி விழுந்தீக?

— குறுக்க ஒரு நாய் ஓடிருச்சு. சட்டுனு வண்டிய ஒடிச்சேன். எதுத்தாப்புல வந்த அந்த மனுசன் பைக்குல கொண்டுபோயி விட்டுட்டேன். தப்பு எம்மேலதான், பொய் சொல்லக் கூடாது. ஹேண்டில்பாரு இந்தா, இடது வெலாவுக்குக் கீழ ஒரு குத்து. அம்புட்டுத்தான். ஒரு சொட்டு ரத்தம் வரலையே.

— வெளிய வரல. இங்க அமுக்குனா வலிக்குதா?

— ஆத்தாடி! கைய எடு தாயி, எடு.

— தோளு வலிக்குதா?

— ஆமா, இடது தோளு. அங்க அடியே படல, உனக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?

— வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சா தோள்ல வலிக்கும். காளீஸ்வரா, நாடி நூத்தி இருவத்தெட்டு. பிரசரு தொண்ணூறுதான் இருக்கு. வெரசாப் போ, குலுக்காமப் போ.

— சரிக்கா. திருச்சுழி தாண்டியாச்சு. அருப்புக்கோட்டைக்கு இன்னும் இருவது நிமிசம்.

— அவுகள ஏத்த காரியாபட்டி ஆம்புலன்சு கெளம்பிருச்சா?

— கெளம்பிருச்சாம். அந்த எடத்துக்கு வர அரை மணி ஆகுமாம். அக்கா... நீங்க வேணும்னா அங்கயே நின்னிருக்கலாம்.

— நான் நின்னா பின்னால இவர யாரு பாக்குறது? நீ ரோட்டப் பாத்து ஓட்டு.

— தாயி, கொஞ்சம் தண்ணி குடு. நாக்கு ஒட்டுது.

— தண்ணி கெடையாதுண்ணே. ஆப்பரேசன் பண்ண வேண்டி வரலாம், வயிறு காலியா இருக்கணும். பஞ்ச நனச்சு ஒதட்டுல தடவுறேன். கைய நீட்டுங்க, ட்ரிப்ஸ் ஏத்தணும்.

— ஆப்பரேசனா? கால் ஒடிஞ்சது அவருக்கில்லையா!

— அவுக கால நான்தான கட்டை வச்சுக் கட்டிட்டு வந்தேன். பாதத்துல நாடி ஓடுது, வெரலு அசையுது. கத்துறதுக்கு மூச்சு இருக்கு. அரை மணி நேரம் அவுக தாங்குவாக. நீங்க தாங்க மாட்டீக.

— நான் பாட்டுக்கு வேலிக்கருவை நெழல்ல சும்மா ஒக்காந்திருந்தேன்.

— அதான் பயமாயிருச்சு. கிட்ட வந்து பாத்தா மூஞ்சி வெளுத்துக் கெடக்கு, வேர்வை சில்லுனு இருக்கு.

— ஊருச்சனம் உன்னைய வஞ்சுச்சே. இடிச்சவனத் தூக்கிட்டுப் போறா, இடிபட்டவன் கெடக்கான்னு. அந்த மனுசனும் என்னமோ சொல்லிக் கத்துனாரு.

— வலியில பேசுறதுண்ணே. அதெல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது.

— தூக்கமா வருது தாயி.

— தூங்கக் கூடாது! சந்தனம்ண்ணே, இங்க பாருங்க. எத்தன ஆடு வச்சிருக்கீக? சொல்லுங்க.

— பதினொன்னு... ஒன்னு சென...

— எப்ப குட்டி போடும்?

— இந்த... மாசத்துக்குள்ள...

— அக்கா, பிரசரு?

— எம்பது. ஆக்சிசன் கூட்டியிருக்கேன், கால ஒசத்தி வச்சிருக்கேன். இனிமே நீ ஓட்டுறதுலதான் இருக்கு. இரு, ஆசுபத்திரிக்குப் பேசிர்றேன். ஹலோ, டாக்டர் மேடமா? நூத்தியெட்டுல இருந்து ஷஹீனா பேசுறேன். வயித்துல அடிபட்ட ஆம்பள, அம்பது வயசு இருக்கும். வயிறு கல்லு மாதிரி இருக்கு, பிரசரு எறங்கிக்கிட்டே வருது. ரத்தம் வேணும் மேடம், சர்சன் வேணும். ஆறு நிமிசத்துல வாரோம்.

— அக்கா, ஆசுபத்திரி கேட்டு வந்திருச்சு. டாக்டரம்மா வாசல்லயே நிக்கிறாக.

— உள்ள கொண்டாங்க ஷஹீனா. ஸ்கேன் மிசின் இங்கயே வச்சிருக்கேன்... ஆமா, வயிறு பூராம் ரத்தம். மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. இன்னும் கால் மணி நேரம் கழிச்சு வந்திருந்தா ஒன்னும் செஞ்சிருக்க முடியாது. தியேட்டருக்குத் தள்ளுங்க, சர்சன் வந்தாச்சு.

— தாயி... போயிறாத. ஒன்னு சொல்லணும்.

— சொல்லுங்கண்ணே, கூடத்தான் வாரேன்.

— அந்த மனுசனப் பாத்தா, சந்தனம் மன்னிப்புக் கேட்டான்னு சொல்லு.

— பொழச்சு எந்திரிச்சு வந்து நீங்களே சொல்லுங்க.

— போனு அடிக்கிதே, ஒன்னுதுதான? எடுத்துப் பேசு.

— எங்க வீட்டுக்காரக. உங்கள உள்ள விட்டுட்டுப் பேசிக்கிறேன்.

— என்ன அவசரமோ, என்னமோ. எடு தாயி.

— அவசரம் என்னன்னு எனக்குத் தெரியும்ண்ணே. கால் ஒடிஞ்சு ரோட்டோரத்துல கெடக்குறது அவுகதான்.